ஓரம்

துணுக்காயில் எனக்குக் கிடைத்த வேலை
செத்த கோப்புகளைக் கண்ணாடியில் குப்புறப் படுக்கவைப்பது.
ஒரு வெளிச்சம் போய் வரும். அவ்வளவுதான்.
பின்னேரம் நாலரைக்கு பஸ்.

பனிச்சையடிக்குளத் திருத்தம்,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
எழுதினவர் இரண்டாம் கிளாக்கர் நீக்கிலாப்பிள்ளை.
கையெழுத்து கோயிலுக்குப் போகிற மாதிரி
தலைசீவி, நேராய், ஒருவரையும் இடிக்காமல்.
ஓரத்தில்தான் மனுசன் சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார்.

வற்றின குளத்தில் நாடா பிடிக்கிறார் ஓவசியர்.
'தண்ணி எவ்வளவு?'
'மூன்று கோப்பு உயரம், துரை.'
அடுத்த தாளில் ஒரு நுளம்பு,
கச்சேரி வாசலில் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு
(ஆறு செருப்பு, எண்ணினேன்)
மனு நீட்டுகிறது:
'காட்டுச் சனத்தில் இரத்தம் முடிந்துபோச்சு,
சமூகத்திலிருந்து கொஞ்சம் உத்தரவாக வேணும்.'
சமூகத்துக்கு உடம்பே கிடையாது.
ஒரு மூக்கு, அதன்மேல் தொப்பி.

அந்த மாதம் காய்ச்சலில் செத்தவர்கள் நூற்றிப்பதினேழு என்று
அதே தாளின் நடுவில், அதே மையில் இருக்கிறது.
சிரித்துக்கொண்டே அதையும் வாசித்துவிட்டேன்.
பிறகுதான் வாயை மூடினேன்.

குகனேந்திரன் ஐயா எட்டிப் பார்த்து வயிறு குலுங்கினார்.
'வெள்ளைக்காரன்ர மூக்கைப் பாரும்!'
படமெடுத்து மைத்துனருக்கு அனுப்பினார்,
கனடாவுக்கு.
நூற்று முப்பது வருசம் கறையான் தின்னாமல் கிடந்தால்
எந்த நக்கலுக்கும் மரபுரிமை என்று பேர் வைக்கலாம்.

தாளைத் திருப்பினேன். மழை.
முதலியாருக்கு ஒருவன் குடை பிடிக்கிறான்,
முதலியார் துரைக்குப் பிடிக்கிறார்,
துரை தன் நாய்க்கு.
ஐயா கனநேரம் நாயையே பார்த்தார்.
போன திங்கள் குளக்கட்டில் அமைச்சர் வந்து இறங்கியபோது
தூறல். குடை ஐயாவின் கையில்.
'ஓரத்தை வெட்டிப்போட்டு ஏத்தும் தம்பி,
கோப்பெண்டால் எழுத்துத்தானே.'

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை.
நானும் கீறினவன்.
கடதாசி வராத காலம். கொப்பித்தாளில் அச்சடித்த பத்திரிகை.
மா மூட்டையைவிடப் பெரிய ரசீதைச் சுமந்துவரும் ஒரு பொறுப்பாளர்.
இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள்.
'நல்லாக் கீறுறீங்கள் அண்ணை.
மூக்குத்தான் ஆரையோ மாதிரி.'
அடுத்த கிழமை மூக்கை ஒரு நூல் குறைத்தேன்.
அதற்கடுத்த கிழமை பூச்சட்டி கீறினேன்.

பிறகு செட்டிகுளத்தில், முள்ளுக்கம்பிக்குள்ளே,
பால்மா மட்டைப்பெட்டியில் தண்ணி வரிசையைக் கரியால் கீறியபோது
வரிசைக்கு முன்னால் நின்ற தொப்பியை விரலால் தொட்டு
ஒரு சிப்பாய் கேட்டான்: ஆர் இது?
என்ர மாமா, என்றேன்.
மாமா வடிவு, என்றான்.
மாமாவை வலைஞர்மடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

நீக்கிலாப்பிள்ளை பென்சன் பட்டியலில் இருக்கிறார்.
முழுத்தொகை, ஒரு குறிப்பும் இல்லை.
ஆக ஒருவரும் பார்க்கவில்லை.
அல்லது துரை பார்த்தார்,
அந்த மூக்கு தன்னுடையதென்று அவருக்குப் படவில்லை.
இரண்டில் எது கிளாக்கருக்கு அவமானம்
என்று பஸ்ஸில் யோசிப்பேன். மாங்குளம் வந்துவிடும்.

நாலு பதினைந்து. ஐயா வெளிக்கிட்டுவிட்டார்.
தாளை வெட்டாமல் முழுசாய்ப் படுக்கவைத்தேன்.
வெளிச்சம் போய் வந்தது.
கணினி கேட்டது: ஓரத்திலுள்ளவை என்ன வகை?
முத்திரை, கையொப்பம், கறை, பூச்சி அரிப்பு.
வேறொன்றும் தெரிவில் இல்லை.

பூச்சி அரிப்பு என்று போட்டேன்.
முழுப் பொய்யும் இல்லை.
ஆறு செருப்பு இருக்கிறது.